அகதி முகாமில் பெண்கள் ஏன் விறகுக்குப் போகிறார்கள்? கேஸ் அடுப்பு கொடுத்தால் தீருமா?

கேள்வி இது: "அகதி முகாம்களில் ஐ.நா. அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் கொடுக்கிறது. அப்படியும் பெண்களும் சிறுமிகளும் விறகு பொறுக்கப் போய்த் தாக்கப்படுகிறார்கள் என்று படிக்கிறோம். ஏன் பெண்களே போக வேண்டும்? வீட்டுக்கு ஒரு கேஸ் அடுப்பு கொடுத்துவிட்டால் தீராதா? வெயில் கொளுத்தும் நாடுகளில் சோலார் அடுப்பாவது தரக்கூடாதா?"

முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். அடுப்பு மட்டும் கொடுத்தால் தீராது. எரிபொருள் கொடுத்தால் பெருமளவு தீரும், ஆனால் அதை ஒரு மாதம்கூட விடாமல், தேவைப்படும் அளவுக்குக் கொடுக்க வேண்டும். பல முகாம்களில் திட்டங்கள் சறுக்கியது இந்த இடத்தில்தான். எங்கே, எப்படி என்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் நடந்தவை பலருக்குத் தெரியாது.

ஐ.நா.வின் உணவு உதவி அமைப்பான உலக உணவுத் திட்டம் ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கும் ரேஷனை எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டுக்கு நாடு மாறும். பெரும்பாலும் அரிசி, சோளம், கோதுமை மாவு இவற்றில் ஒன்று, கூடவே பருப்போ பயறோ, எண்ணெய், உப்பு. எண்ணெயையும் உப்பையும் தவிர எதையும் நெருப்பில் வைக்காமல் சாப்பிட முடியாது. ஆனாலும் நிவாரண வேலையில் பல பத்தாண்டுகளாக உணவு ஒரு துறை, கூடாரம் ஒரு துறை, தண்ணீர் ஒரு துறை, மருத்துவம் ஒரு துறை என்று பிரித்து வைத்திருந்தார்களே தவிர, எதை எரித்துச் சமைப்பது என்பது எந்தத் துறையின் பொறுப்பாகவும் இல்லை. அரிசி மூட்டையை இறக்கியவர்கள் தங்கள் வேலை முடிந்தது என்று போய்விடுவார்கள். மீதியைக் குடும்பம் பார்த்துக்கொள்ளும் என்பது எழுதப்படாத ஏற்பாடு. குடும்பம் என்றால் இங்கே அம்மாவும் மகளும்.

இதை உரக்கச் சொன்னவர்களில் முக்கியமானவர்கள் நியூயார்க்கிலிருந்து இயங்கும் பெண் அகதிகளுக்கான ஆணையத்தினர். 2006-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு, விறகுப் பிரச்சினையைப் பெண்களின் பாதுகாப்புப் பிரச்சினையாக எடுத்துவைத்தது. அடுத்த ஆண்டே ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து ஒரு பணிக்குழு அமைத்தன. எரிபொருள் விஷயத்தில் எந்த அமைப்பு எதற்குப் பொறுப்பு என்று அந்தக் குழு 2009-இல் பட்டியல் போட்டுக் கொடுத்தது. ஐ.நா. அகதிகள் முகமை இதற்கென்று தனித் திட்டம் வகுத்தது 2014-இல்தான். அதற்கு அடுத்த ஆண்டு லண்டனின் சாத்தம் ஹவுஸ் ஆய்வு நிறுவனம் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, முகாம்களில் வாழ்கிறவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் விறகையும் கரியையும் நம்பித்தான் சமைத்துக்கொண்டிருந்தார்கள்.

சரி, ஏன் பெண்களே போகிறார்கள்?

சமையல் பெண்ணுடைய வேலை என்றால் விறகும் அவளுடைய வேலை என்று வைத்திருக்கும் வழக்கம் ஒரு காரணம். போரில் கணவனை இழந்து, தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்கள் முகாம்களில் மிக அதிகம் என்பது இன்னொரு காரணம். ஆனால் சூடானின் தார்ஃபூரில் இதைவிடக் கொடிய ஒரு காரணம் இருந்தது. 2003-இல் அங்கே போர் மூண்டபின் லட்சக்கணக்கானோர் கல்மா, அபு ஷௌக், ஸம்ஸம் போன்ற முகாம்களில் வந்து குவிந்தார்கள். முகாம் எல்லைக்கு வெளியே, அரசின் ஆதரவு பெற்ற ஜன்ஜாவீத் ஆயுதக் கும்பல்கள் ஒட்டகத்திலும் குதிரையிலும் திரிந்தன. ஆண்கள் விறகுக்குப் போனால் கொன்றுவிடுவார்கள். பெண்கள் போனால் வன்புணர்வு செய்வார்கள், ஆனால் உயிரோடு திரும்பி வர வாய்ப்பு உண்டு. அந்தக் குடும்பங்கள் இப்படிக் கணக்குப் போட்டுத்தான் பெண்களை அனுப்பின. இதை அங்கே வேலை பார்த்த பலரும் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தப் பெண்களும் இந்தக் கணக்கைத் தெரிந்துதான் கிளம்பினார்கள்.

எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 2005 மார்ச்சில் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2004 அக்டோபரிலிருந்து நாலரை மாதங்களில் வன்புணர்வுக்கு ஆளாகி அவர்களிடம் சிகிச்சைக்கு வந்த பெண்கள் ஏறத்தாழ 500 பேர். அவர்களில் 82 விழுக்காட்டினர் விறகு, தண்ணீர், தீவனப் புல் என்று அன்றாட வேலைக்கு வெளியே போனபோது தாக்கப்பட்டவர்கள். அறிக்கை வெளிவந்து மூன்று மாதம் ஆவதற்குள் அந்த அமைப்பின் மூத்த நிர்வாகிகள் இருவரைச் சூடான் அரசு கைது செய்தது. குற்றம் செய்தவர்களைத் தேடுவதைவிட, எண்ணிக்கையைச் சொன்னவர்களைப் பிடிப்பது அந்த அரசுக்கு அவசரமாகப் பட்டிருக்கிறது.

சிறுமிகள் இதற்குள் எப்படி வருகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கைக்குழந்தையோடு இருக்கும் தாய், அல்லது அன்றைக்கு ரேஷன் வரிசையில் நிற்க வேண்டிய தாய், மூத்த மகளைத்தான் அனுப்புவாள். முகாம் அமைந்த முதல் சில மாதங்களில் பக்கத்தில் இருக்கும் சுள்ளியெல்லாம் தீர்ந்துவிடும். பிறகு உலர்ந்த கிளை, பிறகு பச்சை மரம், கடைசியில் வேரையே தோண்டுவார்கள். தூரம் வருடத்துக்கு வருடம் கூடும். ஒரு மணி நேரத்தில் வந்துகொண்டிருந்த பெண் இப்போது விடியலுக்கு முன்னே கிளம்பினால் பிற்பகலில்தான் திரும்புவாள். அந்த நாளில் பள்ளிக்கூடம் இல்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் இப்படிப் போனால் அந்த வருடப் படிப்பே இல்லை. நடக்கும் தூரம் கூடக்கூட, முகாமின் காவல் எட்டாத இடத்தில் அவள் இருக்கும் நேரமும் கூடுகிறது.

தார்ஃபூரில் ஆப்பிரிக்க ஒன்றியத்தின் வீரர்கள் சில முகாம்களில் விறகுக் காவல் நடத்தினார்கள். வாரத்தில் குறித்த நாட்களில், பேசிவைத்த பாதையில், பெண்கள் கூட்டமாக நடக்க, ராணுவ வாகனங்கள் கூடவே போகும். ஒழுங்காக நடந்த இடங்களில் பெண்களுக்கு அது உண்மையிலேயே உதவியது. ஆனால் அது பல கண்ணிகள் கொண்ட ஏற்பாடு. வண்டிக்கு டீசல் இருக்க வேண்டும், மொழிபெயர்ப்பவர் இருக்க வேண்டும், வீரர்கள் சொன்ன நேரத்துக்கு வர வேண்டும், பெண்கள் அவர்களை நம்ப வேண்டும். இவற்றில் ஒன்று அறுந்தாலும் அந்த வாரம் பெண்கள் தனியாகத்தான் போவார்கள், ஏனென்றால் அடுப்பு அந்த வாரமும் எரிந்தாக வேண்டும். மற்ற ஏற்பாடு வரும்வரை காவல் வேண்டும் என்பதே என் கருத்தும். வருடக்கணக்கில் அதையே தீர்வாக வைத்திருப்பது பெண்களுக்குச் செய்யும் அநியாயம்.

அடுத்து கென்யாவின் தடாப். இந்தத் துறையில் வேலை செய்கிற எவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய ஓர் ஆதாரம் இங்கிருந்துதான் கிடைத்தது. சோமாலியா சிதறிய 1991 முதல் இஃபோ, தகாஹலே, ஹகதேரா என்று மூன்று முகாம்கள் கென்யாவின் வடகிழக்கு வறட்டு நிலத்தில் எழுந்தன. விறகுக்குப் போன சோமாலியப் பெண்கள் கொள்ளைக்காரர்களிடம் சிக்கினார்கள். 1998-இல் அமெரிக்கா கொடுத்த 15 லட்சம் டாலரில் ஐ.நா. அகதிகள் முகமை விறகையே வாங்கி வீடுவீடாகக் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. 2001-இல் வெளியாட்களை வைத்து அதை மதிப்பீடு செய்தார்கள்.

மதிப்பீட்டில் தெரிந்தவை இவை. கொடுத்த விறகு மொத்தத் தேவையில் சுமார் 30 விழுக்காட்டுக்குத்தான் போதுமானதாக இருந்தது. வீட்டில் விறகு முழுமையாக இருந்த காலங்களில், விறகு பொறுக்கும்போது நடக்கும் வன்புணர்வுகள் 45 விழுக்காடு குறைந்தன. அதே காலங்களில் மற்ற இடங்களில், மற்ற சூழல்களில் நடந்தவை 78 முதல் 113 விழுக்காடு வரை கூடின.

இதைப் படித்துவிட்டு "அப்படியென்றால் விறகு கொடுத்துப் பயனில்லை" என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. இதில் இரண்டு உண்மைகள் கலந்து கிடக்கின்றன. கையிருப்பு முழுதாக இருந்தால் காட்டு வழியில் நடக்கும் ஆபத்து பாதிக்குப் பாதி குறைகிறது. இது சின்ன விஷயமில்லை. ஆனால் தாக்குகிறவன் விறகுக்காக வரவில்லை. தண்டிக்க யாரும் இல்லை என்ற தைரியத்தில் வருகிறான். காட்டில் ஆள் இல்லையென்றால் முகாமின் ஓரத்துக் குடிசைக்கு வருவான். ஆகவே எரிபொருள் திட்டத்தின் தலையில் காவல்துறையின் வேலையையும் நீதிமன்றத்தின் வேலையையும் கட்டக்கூடாது. எரிபொருளையும் கொடுக்க வேண்டும். விளக்கு, காவல், வழக்குப் பதிவு, பெண் மருத்துவர் எல்லாவற்றையும் தனியாகச் செய்தாக வேண்டும். முழுத் தேவையில் 30 விழுக்காட்டை மட்டும் கொடுத்துவிட்டுப் பெண்கள் ஏன் இன்னும் காட்டுக்குப் போகிறார்கள் என்று கேட்பதில் அர்த்தமே இல்லை.

இனி அடுப்பு. மூன்று கல் அடுப்பில் விறகின் வெப்பத்தில் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். நல்ல அடுப்பால் விறகுத் தேவையைப் பாதியாக்கலாம். கலிபோர்னியாவின் பெர்க்லி ஆய்வகத்தைச் சேர்ந்த இந்திய வம்சாவளி விஞ்ஞானி அசோக் காட்கில் 2005-இல் தார்ஃபூருக்கே போய்ப் பார்த்தார். அங்கே அன்றாட உணவு அசீதா. சோள மாவைக் கொதிநீரில் கொட்டிக் கெட்டியாகும்வரை கிண்டும் களி. நம் ஊர்க் கேழ்வரகுக் களி கிண்டியவர்களுக்குக் கை வலி தெரியும். அடிகனமான உருண்டைப் பானையைக் காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, நீளக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துப் பலமாகத் துழாவுவார்கள். ஆய்வகத்தில் நன்றாக எரியும் ஒல்லியான அடுப்பு இந்த வேகத்துக்குக் குடைசாய்ந்துவிடும். ஆகவே அகலமான அடியும், மணலில் அடித்து நிறுத்த முளைகளும், காற்றைத் தடுக்கும் வளையமும், பானையின் வளைவுக்கு ஏற்ற வாயும் வைத்து அடுப்பைத் திருத்தினார்கள். தகடுகளை மும்பையில் வெட்டித் தட்டையாக அனுப்ப, தார்ஃபூரின் எல் ஃபாஷர் நகரில் உள்ளூர் ஆட்கள் மடித்துப் பூட்டினார்கள். விறகுச் செலவு ஏறத்தாழ பாதியானது.

அருமையான வேலை. ஆனால் பாதி விறகு என்றால் இரண்டு தடவை போன பெண் ஒரு தடவை போகிறாள். அந்த ஒரு தடவையும் அதே வழிதான். விறகைக் காசு கொடுத்து வாங்கும் நிலைக்குத் தார்ஃபூரின் பல குடும்பங்கள் வந்துவிட்டதால், அங்கே அடுப்பால் மிஞ்சியது பெரும்பாலும் பணம், அதுவும் வேண்டியதுதான். ரேஷனில் ஒரு பகுதியை விற்று விறகு வாங்கிய வீடுகளில், அந்தப் பணம் குழந்தையின் தட்டுக்குத் திரும்பி வந்தது.

சோலார் அடுப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தார்ஃபூருக்கு மேற்கே உள்ள சாட் நாட்டின் கிழக்கில், இரிதிமி முகாமில் பெரிய அளவில் முயன்றார்கள். அட்டையில் அலுமினியத் தாள் ஒட்டிய மடிப்புப் பலகை, கறுப்புப் பானை, அதைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் பை, அவ்வளவுதான் கருவி. குழம்புக்கும் தண்ணீர் காய்ச்சவும் நன்றாகவே உதவியது. பெண்கள் அதை முகாமிலேயே செய்து சம்பாதித்தார்கள். சாட் அரசு 2009-இல் கரிக்குத் தடை விதித்தபோது இது பெரிய ஆறுதலாகவும் இருந்தது. ஆனால் பைக்குள் வைத்த பானையில் களி கிண்ட முடியாது. இருட்டிய பிறகு சமைக்க முடியாது. புழுதிக்காற்று அடிக்கும் நாளில் எதுவுமே முடியாது. ஆகவே இரண்டாவது அடுப்பாகத்தான் அதை நம்பலாம்.

எத்தியோப்பியாவின் ஜிஜிகா பக்கம் கெப்ரிபெயா முகாமில் சோமாலிய அகதிகளுக்கு எத்தனால் அடுப்பு கொடுத்தார்கள். கையா என்ற உள்ளூர் அமைப்பு நடத்தியது. சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸிலிருந்து எடுத்த எத்தனால். புகை இல்லை, கரி இல்லை, பெண்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆலையிலிருந்து வரத்து நின்றபோதெல்லாம் அடுப்பும் அணைந்தது. கென்யாவின் ககுமாவில் வேறு வழி: அக்கம்பக்கத்துத் துர்க்கானா மக்களிடமிருந்தே விறகை விலைக்கு வாங்கி அகதிகளுக்குக் கொடுப்பது. அங்கே மதெங்கே என்று திட்டித் தீர்க்கிற ஒரு முட்செடி எங்கும் பரவிக் கிடக்கிறது. நமக்கும் அது நன்றாகத் தெரியும், சீமைக்கருவேலம்தான். அதை வெட்டி எரிப்பதில் காட்டுக்கு நஷ்டமில்லை, உள்ளூர்க்காரர்களுக்கு வருமானம், அகதிகளோடு சண்டையும் குறையும். கொடுக்கும் அளவு போதாது என்ற பழைய குறை இங்கேயும் இருந்தது.

இதுவரை நடந்தவற்றில் கேள்விக்கு நேரான பதில் என்றால் வங்கதேசத்தின் காக்ஸ் பஜார்தான். அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

2017 ஆகஸ்ட் 25-இல் மியான்மர் ராணுவத்தின் தாக்குதல் தொடங்கியபின் சில மாதங்களில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் மியான்மரிலிருந்து நாஃப் நதியைத் தாண்டி வந்தார்கள். ஏற்கெனவே இருந்தவர்களோடு சேர்த்து உக்கியா, டெக்னாஃப் குன்றுகளில் கிட்டத்தட்ட 10 லட்சம் பேர். மூங்கிலும் தார்ப்பாயும் வைத்துக் கட்டிய குடிசைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன. அது காப்புக்காட்டு நிலம், காட்டு யானைகளின் வழித்தடம். எல்லோருக்கும் அரிசி, பருப்பு, எண்ணெய் கிடைத்தது. எரிக்க ஒன்றும் இல்லை. முதல் குளிர்காலத்துக்குள்ளேயே ஆயிரக்கணக்கான ஏக்கர் காடு போனது, மரம் போன இடத்தில் வேரையும் தோண்டினார்கள். வேர் போன குன்று மழையில் சரிந்தது. முதல் சில மாதங்களில் யானை மிதித்து 10-க்கும் மேற்பட்ட அகதிகள் இறந்தார்கள்.

இங்கே விறகுக்குப் போனவர்களில் ஆண்களும் சிறுவர்களும் அதிகம். ரோஹிங்கியாக்களிடம் பர்தா வழக்கம் இறுக்கமானது. வயதுக்கு வந்த பெண் வெளியே போவதே குறைவு. ஆனால் கணவன் கொல்லப்பட்டு வந்த பெண்கள் எத்தனையோ பேர். அவர்கள் என்ன செய்வார்கள்? தாங்களே போனார்கள், இல்லையென்றால் பத்து வயது மகளையோ மகனையோ அனுப்பினார்கள். போகிற வழியில் உள்ளூர்க்காரர்கள் விறகைப் பிடுங்குவது, அடிப்பது, சிறுமிகளிடம் தவறாக நடப்பது எல்லாம் இருந்தன. வீட்டுக்குள்ளேயே இருந்த பெண்களுக்கு வேறு துன்பம். சன்னல் இல்லாத தார்ப்பாய்க் குடிசையின் மூலையில் மண் அடுப்பு, ஈர விறகு, பக்கத்திலேயே தவழும் குழந்தை. வீட்டு அடுப்புப் புகையால் 2020-இல் மட்டும் உலகம் முழுக்க 32 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. வெளியே போகக்கூடாது, உள்ளேயே இருக்க வேண்டும் என்ற விதியில் வாழும் பெண்ணுக்கு அந்தப் புகையிலிருந்து ஒதுங்க இடம் கிடையாது.

முதலில் உமியை அழுத்திச் செய்த கட்டைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவ்வளவு பேருக்கு அது எட்டவில்லை, புகையும் போகவில்லை. 2018-இல் கேஸுக்கு மாறினார்கள். அகதிகள் முகமை ஒரு பக்கமும், சர்வதேசப் புலம்பெயர்வு அமைப்பு, உணவு வேளாண் அமைப்பு, உலக உணவுத் திட்டம் மூன்றும் சேர்ந்து இன்னொரு பக்கமுமாக முகாம்களைப் பிரித்துக்கொண்டன. குடும்பத்துக்கு ஓர் அடுப்பு, 12 கிலோ சிலிண்டர், ரெகுலேட்டர், டியூப். தீர்ந்தால் காலி சிலிண்டரையும் அட்டையையும் கொண்டுபோய் மாற்றிக்கொள்ளலாம். எத்தனை நாளுக்கு ஒரு சிலிண்டர் என்பதைக் குடும்பத்தின் அளவை வைத்து முடிவு செய்தார்கள். பக்கத்து ஊர்களின் வங்கதேச ஏழைக் குடும்பங்களுக்கும் கொடுத்தார்கள். இது மிகச் சரியான முடிவு என்று நினைக்கிறேன். காடு அழிந்ததில் இழப்பு அவர்களுக்கும்தான். அகதிக்கு மட்டும் கேஸ் வந்திருந்தால் அடுத்த சண்டை அதிலேயே தொடங்கியிருக்கும்.

அந்தப் பெண்களில் பெரும்பாலோர் அதற்குமுன் கேஸ் அடுப்பைத் தொட்டதில்லை. வெடித்துவிடுமோ என்று பயந்தார்கள், நியாயமான பயம். பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்தவை நம் வீடுகளில் பாட்டிகள் முதல் சிலிண்டர் வந்த நாளில் கற்றுக்கொண்டவைதான்: ரெகுலேட்டரை அழுத்தி மாட்டுவது, இணைப்பில் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்ப்பது, நாற்றம் வந்தால் தீப்பெட்டியைத் தொடாமல் கதவைத் திறப்பது. பக்கத்தில் ஒரு வாளி மணல். பயம் தெளிந்தபின் பெண்கள் திரும்பத் திரும்பச் சொன்னது நேரத்தைப் பற்றி. நோன்பு மாதத்தில் விடியலுக்கு முன் சமைக்க நள்ளிரவில் எழுந்து அடுப்பு மூட்ட வேண்டியதில்லை.

வேறு சிக்கல்கள் வந்தன. இரும்பும் கேஸும் சேர்ந்தால் சிலிண்டர் 20 கிலோவைத் தாண்டும். சேறும் படியுமான குன்றுப் பாதையில் அதை யார் தூக்குவது? ஆண் துணையில்லாத பெண், கர்ப்பிணி, முதியவர் கூலி கொடுத்துத் தூக்கிவரச் சொல்ல வேண்டியிருந்தது. கூலிக்கு ரேஷன் அரிசி போனது. அப்புறம் இப்படிப்பட்ட குடும்பங்களுக்குச் சுமைதூக்க ஆள் ஏற்பாடு செய்தார்கள். கேஸ் கிடைப்பது மட்டும் போதாது, வீட்டு வாசல்வரை எப்படி வருகிறது என்பதையும் திட்டத்தில் எழுத வேண்டும் என்று இதனால்தான் சொல்கிறோம்.

தீ விபத்தையும் மறைக்கக்கூடாது. 2021 மார்ச் 22-இல் பாலுகாலி பக்கம் பற்றிய தீயில் சுமார் 45,000 பேர் வீடிழந்தார்கள், குறைந்தது 11 பேர் இறந்தார்கள். தீ பரவியபோது சிலிண்டர்கள் வெடித்தன. முள்வேலி போட்டிருந்ததால் மக்கள் தப்பி ஓட வழி கிடைக்காமல் தவித்தார்கள். 2023 மார்ச்சில் மறுபடி ஒரு பெரும் தீ, சுமார் 12,000 பேர் வீடிழந்தார்கள். கேஸை நிறுத்த வேண்டும் என்று இதைக் காரணம் காட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தார்ப்பாய்க் குடிசைக்குள் திறந்த விறகு அடுப்பும் ஆபத்துதான். ஆபத்தைக் குறைக்கக் குடிசைகளுக்கு இடையே இடைவெளி விட வேண்டும், வேலியைத் திறக்க வேண்டும், தீப்பிடிக்காத கூரை போட வேண்டும்.

பலன் என்ன? விறகுத் தேவை சராசரியாக 80 விழுக்காடு குறைந்ததாக அகதிகள் முகமை சொன்னது. மொட்டைக் குன்றுகளில் மறுபடி மரம் நட முடிந்தது. சரிவுகளில் வெட்டிவேர் நட்டார்கள், அதன் வேர் மண்ணை ஆழமாகப் பிடிக்கும். எல்லோரும் விறகுக்காக வெட்டிக்கொண்டே இருந்தால் எந்தக் கன்றும் தப்பியிருக்காது. மகன்களும் மகள்களும் காட்டுக்குப் போகும் நாட்கள் குறைந்தன. ஒரு முழு முகாமுக்கே கேஸ் கொடுப்பது பணக்கார நாடுகளின் கற்பனை என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். வங்கதேசம் அது முடியும் என்று காட்டிவிட்டது. அங்கே முடிந்ததற்குக் காரணங்களும் உண்டு. நெருக்கமான முகாம், அதனால் வண்டி ஒரு தடவை வந்தால் ஆயிரம் வீட்டுக்குப் போதும். துறைமுகம் பக்கம். நாட்டிலேயே கேஸ் நிரப்பும் கம்பெனிகள் ஏற்கெனவே இருந்தன. சாடின் பாலைவனத்தில் இந்த மூன்றும் இல்லை.

தமிழ்நாட்டில் உள்ள இலங்கைத் தமிழர் முகாம்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல பத்தாண்டுகள் இங்கே இருக்கிறவர்கள் அவர்கள். 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் அறிவித்த தொகுப்பில் இலவச கேஸ் இணைப்பும் அடுப்பும், ஆண்டுக்கு 5 சிலிண்டருக்குத் தலா 400 ரூபாய் மானியமும் இருந்தன. இணைப்போடு நிறுத்தாமல் சிலிண்டருக்கும் மானியம் சேர்த்ததை நான் குறிப்பாகப் பாராட்டுவேன். இணைப்பு மட்டும் கொடுத்த இடங்களில் காலி சிலிண்டர் மூலையில் நிற்க, வெளியே விறகு எரிவதை நம் கிராமங்களிலேயே பார்த்திருக்கிறோம்.

இன்னொன்று, அதிகம் பேசப்படாதது: என்ன ரேஷன் கொடுக்கிறோம் என்பதே எரிபொருளை முடிவு செய்கிறது. முழுப் பயறு வேகப் பல மணி நேரம் ஆகும். உடைத்த பருப்பு அதில் ஒரு பகுதி நேரத்தில் வெந்துவிடும். முழுச் சோளத்தைக் கொடுத்தால் அரைக்கக் கூலி, வேகவைக்க விறகு, இரண்டுக்கும் ரேஷனிலிருந்தே எடுத்து விற்பார்கள். மாவாகக் கொடுத்தால் இரண்டும் மிச்சம். உணவு வாங்குகிற அதிகாரி டன்னுக்கு என்ன விலை என்று பார்க்கிறார், அதைச் சமைக்க ஒரு பெண் எத்தனை கிலோமீட்டர் நடப்பாள் என்பது அவருடைய தாளில் இல்லை. அந்தத் தாளில் அதற்கு ஒரு கட்டம் சேர்த்தாலே பல இடங்களில் நிலைமை மாறும்.

அதற்குப் பிறகு காக்ஸ் பஜாரில் என்ன ஆனது? 2025 ஜூலையில் அகதிகள் முகமை ஒரு எச்சரிக்கை விட்டது. அந்த ஆண்டுக்குக் கேட்ட 25.5 கோடி டாலரில் 35 விழுக்காடுதான் வந்திருந்தது. அதற்கு முந்தைய 18 மாதங்களில் மேலும் ஒன்றரை லட்சம் பேர் மியான்மரிலிருந்து வந்திருந்தார்கள். புதிதாகப் பணம் வராவிட்டால் செப்டம்பருக்குள் மருத்துவம் தடைபடும், கேஸும் தீர்ந்துவிடும் என்றார்கள். வெளிநாட்டு உதவியை அமெரிக்காவும் வேறு பல நாடுகளும் வெட்டியதன் நேரடி விளைவு இது. முகாம்களில் ஆயுதக் குழுக்களும் ஆள்கடத்தலும் 2018-இல் இருந்ததைவிடக் கூடியிருந்த நேரத்தில், பெண்களை மறுபடி குன்றுக்கு அனுப்பும் நிலையை நோக்கித் தள்ளினார்கள். மிக அருகில் கிடைக்கும் விறகு, ஏழெட்டு வருடமாக நட்டு வளர்த்த மரங்கள்தான்.

பணம் குறையும்போது அடுப்பை அணைக்காமல் செலவைக் குறைக்கச் சில வழிகள் இருக்கின்றன. பிரஷர் குக்கர் கொடுப்பது அதில் முதலாவது. காக்ஸ் பஜாரில் அதைத் தொடங்கியதும் ஒரு சிலிண்டரைக் கூடுதல் நாட்களுக்கு இழுக்கத்தான். பருப்பை ஊறவைத்து, மூடிபோட்டு வேகவைத்தாலும் சில நாள் மிஞ்சும். அந்தப் பெண்களில் பலர் இதை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆகவே இதில் பிழியக்கூடியது கொஞ்சம்தான். அதற்குமேல் சிலிண்டரைத் தள்ளிப்போட்டால், தள்ளிப்போட்ட ஒவ்வொரு நாளுக்கும் யாராவது ஒருவர் விறகுக்குப் போவார்கள்.